கனடாவில் புதுக்குடித்தனம்: மிக்ஸியா, பெரிய பிளெண்டரா?

டொராண்டோவுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத இளம் தம்பதியர், இருவருக்கான சமையல், அநேகமாகத் தினமும் ஏதாவது ஒரு சட்னி, வாரம் ஒருமுறை இட்லி மாவு என்று தங்கள் தேவையைச் சொல்லி, கையில் முந்நூறு டாலருக்கு மேல் இல்லாத நிலையில் வைட்டமிக்ஸ் போன்ற பெரிய பிளெண்டருக்குப் பணம் சேர்ப்பதா, ஊரிலிருந்து மிக்ஸியை வரவழைப்பதா, வெட் கிரைண்டரும் வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். ஸ்கார்பரோவில் குடியேறிய முதல் ஆண்டிலேயே ஊர் மிக்ஸி ஒன்றைப் பயனின்றிச் சுமந்துவந்து, மலிவான பிளெண்டர் ஒன்றை எரித்தும் முடித்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மின்சாரத்தைப் பார்த்துவிடுவோம். இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் (வோல்ட் என்பது மின்னழுத்தம், ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை மின் அலைகள் என்ற கணக்கு). கனடாவிலும் அமெரிக்காவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். விமான நிலையத்தில் விற்கும் அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்ட்டை மாற்றாது. ஊர் மிக்ஸிக்குப் பாதி வோல்ட்தான் கிடைக்கும் என்றால் அதன் வலு பாதியாகக் குறையும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஏறத்தாழ கால் பங்காகிவிடுகிறது. என் அம்மா புடவைகளுக்கு நடுவே பொதிந்து அனுப்பிய 750 வாட் மிக்ஸியில், வந்த வாரமே தேங்காயும் பொட்டுக்கடலையும் பச்சை மிளகாயும் போட்டு ஓட்டினேன். கத்தி சுற்றியது, சத்தமும் ஏதோ வந்தது, மூடியைத் திறந்தால் பொட்டுக்கடலை போட்டது போட்டபடி முழுசு முழுசாகக் கிடந்தது.

வோல்ட்டை உயர்த்தித் தரும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் போதுமே என்பார்கள். மிக்ஸி கிளம்பும் நொடியில் அதிக மின்சாரத்தை இழுக்கும் என்பதால், 750 வாட் மிக்ஸிக்கு 1500 வாட் டிரான்ஸ்ஃபார்மராவது வேண்டும். அது அரிசி மூட்டை போலக் கனக்கும், அடுப்பு மேடையில் பாதியை அடைத்துக்கொள்ளும், அதற்குக் கொடுக்கும் பணத்துடன் கொஞ்சம் சேர்த்தால் இந்த ஊர் மின்சாரத்துக்கென்றே செய்த மிக்ஸியே வந்துவிடும். பயணிகளுக்கென்று விற்கும் கையடக்கமான மலிவு கன்வர்ட்டர்கள், தலைமுடி உலர்த்தி போன்ற வெறும் சூடேற்றும் கருவிகளுக்கானவை. அவற்றில் மோட்டார் உள்ள எதையும் மாட்டாதீர்கள். பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா, துபாய் ஆகிய இடங்களுக்குச் செல்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கெல்லாம் மின்சாரம் ஊரில் உள்ளதைப் போன்றதே என்பதால், பிளக்கை மட்டும் மாற்றிக்கொண்டு ஊர் மிக்ஸியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இனிப் பிளெண்டருக்கும் மிக்ஸிக்கும் உள்ள வேறுபாடு. இரண்டும் கத்தி சுழலும் இயந்திரங்கள்தான் என்றாலும், அவை உருவான நோக்கம் வேறு. பிளெண்டர், பழமும் பனிக்கட்டியும் பாலும் கலந்த ஒன்றைச் சுழலாக்கிக் கீழிழுத்து மேலேற்றி அரைப்பது. அந்தச் சுழல் உண்டாக வேண்டுமானால் ஜாரில் போதிய அளவு பொருளும் நீரும் இருந்தாக வேண்டும். மிக்ஸியின் சட்னி ஜாரோ ஏறத்தாழ அரை லிட்டர் கொள்ளளவுதான். கத்தி அடியோடு ஒட்டியிருக்கும். கைப்பிடித் தேங்காயையும் நாலு மிளகாயையும் சிட்டிகை உப்பையும் போட்டாலும் கத்திக்கு அகப்படும். அதே கைப்பிடித் தேங்காயை ஏறத்தாழ இரண்டு லிட்டர் கொள்ளும் அகன்ற பிளெண்டர் ஜாரில் போட்டால், முதல் இரண்டு சுற்றில் அது சுவரெங்கும் அப்பிக்கொள்ளும். பிறகு கத்தி காற்றைத்தான் அரைக்கும். வழித்துவிட்டு ஓட்டி, மறுபடி வழித்து, கடைசியில் பொறுமையிழந்து தண்ணீரை ஊற்றுவோம். துவையலாக வந்திருக்க வேண்டியது தண்ணீர்ச் சட்னியாகிவிடும்.

இந்த வேறுபாட்டுக்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1960களில் வீட்டிலிருந்த ஜெர்மன் மிக்ஸி இந்திய அரைப்புக்குத் தாங்காமல் போனதால்தான், சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளர் நம் மசாலாவுக்கு ஈடுகொடுக்கும் சுமீத் மிக்ஸியை உருவாக்கினார். எழுபது, எண்பதுகளில் வாழ்ந்த பல நடுத்தரக் குடும்பங்களில் மிக்ஸிக்கே சுமீத் என்றுதான் பெயர். வெளிநாட்டுச் சமையலறையில் நமக்கு நேரும் தொல்லை ஒன்றும் புதிதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

விளம்பரங்களில் வரும் குதிரைசக்திக் கணக்கை நம்பி வாங்க வேண்டாம். ஒரு குதிரைசக்தி என்பது 746 வாட். இங்கே வீட்டின் சாதாரண மின்சுற்று 15 ஆம்பியர் கொண்டது. அதை 120 வோல்ட்டால் பெருக்கினால் 1800 வாட். அப்படியிருக்க, 'மூன்று குதிரைசக்தி' என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்ட பிளெண்டருக்கு 2200 வாட்டுக்கு மேல் எங்கிருந்து வரும்? அது கணநேர உச்ச அளவே தவிர, தொடர்ந்து உழைக்கும் வலு அன்று. கடையில் இயந்திரத்தைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியுள்ள தகட்டைப் படியுங்கள், 11.5 ஆம்பியர் என்றிருந்தால் 1380 வாட், 5 ஆம்பியர் என்றிருந்தால் 600 வாட், அவ்வளவுதான் கணக்கு. நான் எரித்த பிளெண்டரின் பெட்டியிலும் பெரிய பெரிய எழுத்துகள் இருந்தன. ஊறவைத்து வடித்த கடலைப் பருப்பை, மசால் வடைக்கு ஒன்றிரண்டாக அரைப்போம் என்று தண்ணீர் விடாமல் போட்டேன். மூன்றாவது முறை பொத்தானை அழுத்தியபோது ரப்பர் கருகும் நாற்றத்துடன் புகை வந்தது, நான் குடியிருந்த பேஸ்மென்ட் (நிலத்தடித் தளம்) முழுவதும் இருட்டானது. ஃபியூஸ் பெட்டி மாடியில் வீட்டுக்காரர் வீட்டுக்குள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டதை இன்னும் மறக்கவில்லை.

அதற்காகப் பெரிய பிளெண்டரை நான் குறைத்துப் பேசுவதாக எண்ண வேண்டாம். வழவழப்பாக, வெண்ணெய் போல அரைபட வேண்டிய எதிலும் அதற்கு நிகரில்லை. முந்திரி விழுது, தக்காளி விழுது, பாதாம் பால், துருவிய தேங்காயிலிருந்து பால் எடுப்பது, தோசை மாவு ஆகியவற்றை அது மிக்ஸியைவிட வெகு வேகமாகச் செய்துவிடும். சிக்கல் இட்லி மாவில்தான். இந்த இயந்திரங்கள் உராய்வினால் மட்டுமே ஐந்தாறு நிமிடத்தில் சூப்பை ஆவி பறக்கச் சூடாக்கக்கூடியவை. விற்பனைக் காட்சிகளில் அதையே பெருமையாகச் செய்துகாட்டுவார்கள். அந்தச் சூடு உளுந்துக்கு ஆகாது. ஆட்டுக்கல்லிலும் கிரைண்டரிலும் கல் உளுந்தைத் தேய்த்து, காற்றை உள்ளே ஏற்றி, பஞ்சு போலப் பொங்க வைக்கிறது. கத்தி வெட்டித் தள்ளுகிறது. எனவே பிளெண்டரில் உளுந்து அரைப்பதானால், ஊறிய உளுந்தைக் குளிர்பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்து, ஐஸ் தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டு, நடுத்தர வேகத்தில் அரை நிமிடம் ஓட்டி, நிறுத்தி, வழித்து, மறுபடி ஓட்டுங்கள். ஜாரின் வெளிப்புறத்தைத் தொட்டால் கைக்குச் சூடு தெரியக் கூடாது. கிரைண்டருக்கு அரிசி நாலுக்கு ஒன்று என்று உளுந்து போடும் வழக்கமுள்ளவர்கள், கத்தியில் அரைக்கும்போது மூன்றுக்கு ஒன்று என்று கூட்டிக்கொண்டால் இட்லி கல்லாகாது. அரிசியை வழவழவென்று விடாமல், விரலிடுக்கில் ரவை போல நெருடும்போதே நிறுத்திவிட வேண்டும். பெரிய பிளெண்டரில் அந்தப் பதம் கண்மூடித் திறப்பதற்குள் தாண்டிப் போய்விடும்.

பொடி வகைகளைப் பிளெண்டரின் பிளாஸ்டிக் ஜாரில் அரைக்கவே அரைக்காதீர்கள். வறுத்த மல்லியும் மிளகும் ஜாரின் உட்புறத்தைக் கீறி மங்கலாக்கிவிடும், பெருங்காய வாசனை படிந்துவிடும். அதன்பின் எத்தனை முறை கழுவினாலும் மாம்பழ ஜூஸில் சாம்பார்ப் பொடி எட்டிப் பார்க்கும். இதற்கென்று காப்பிக்கொட்டை அரைக்கும் சிறிய இயந்திரம் முப்பது டாலர் அளவில் கிடைக்கிறது. இரண்டு பேருக்கான ரசப்பொடி, இட்லிப்பொடி, மிளகுத்தூள் எல்லாவற்றுக்கும் அது போதும். விரலி மஞ்சளை மட்டும் எதிலும் போடாமல், தூளாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆகவே, தினமும் சட்னி அரைக்கும் வீட்டுக்கு முந்நூறு டாலரில் என் பரிந்துரை இதுதான். வட அமெரிக்க மின்சாரத்துக்கென்று பிரீத்தி, விடியம் போன்ற நிறுவனங்கள் செய்யும் 110 வோல்ட் மிக்ஸி ஒன்றை முதலில் வாங்குங்கள் (இங்குள்ள 120 வோல்ட்டில் ஓடுவதையே விற்பனையில் 110 வோல்ட் என்று குறிப்பிடுவார்கள்). மூன்று ஜார் போதும்; ஜூஸ் பிழியும் ஜார், காய் நறுக்கும் கிண்ணம் என்று கூடுதலாகச் சேர்த்து விலையேற்றிய மாதிரிகளை விட்டுவிடலாம். இணையத்தில் தேடும்போது 'மிக்சர்' என்று மட்டும் தேடினால் கேக் மாவு பிசையும் இயந்திரங்கள் வரிசைகட்டி வரும். 'மிக்சர் கிரைண்டர் 110 வோல்ட்' என்று தேட வேண்டும். ஊரில் 750 வாட் பயன்படுத்தியவர்களுக்கு 550 வாட் என்றால் தயக்கம் வரும்; இரண்டு பேர் சமையலுக்கு 550 வாட் தாங்கும், ஒரேயடியாக ஜாரை நிரப்பாமல் இரண்டு தவணையாக அரைக்க வேண்டும், அவ்வளவே. இங்கே கடைகளில் கிடைக்கும் உறைந்த தேங்காய்த் துருவலைக் கட்டியாகவே சட்னி ஜாரில் போட்டுவிடாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் வைத்து உதிர்த்துப் போட்டால், ஜாரையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளர் பிழைக்கும். மிக்ஸி திடீரென நின்றுவிட்டால் பயந்து தூக்கிப்போடவும் வேண்டாம். பெரும்பாலானவற்றின் அடியில் சிறிய சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். பிளக்கைக் கழற்றி, சற்று ஆறவிட்டு, அதை அழுத்தினால் மறுபடி ஓடும்.

இதற்கு நேர்மாறாக, உங்கள் வீட்டில் காலை உணவே பழக்கூழ்தான், சட்னி வாரம் ஒருமுறைதான் என்றால், பணத்தைப் பெரிய பிளெண்டரில் போடுவதே சரி. புதியதற்குப் பல நூறு டாலர் கொடுக்க வேண்டியதில்லை. வைட்டமிக்ஸ் நிறுவனமே பழுதுபார்த்துச் சீராக்கிய இயந்திரங்களை உத்தரவாதத்துடன் குறைந்த விலைக்கு விற்கிறது, நவம்பர் இறுதியில் வரும் பிளாக் ஃபிரைடே தள்ளுபடியில் இன்னும் குறையும். வாங்குமுன் இரண்டை அளந்து பாருங்கள். ஒன்று ஜாரின் அடிப்பகுதி: குறுகலான அடியும் உயரமான உடலும் கொண்ட பழைய வகை ஜார், கொஞ்சமாக அரைப்பதற்கு அகன்ற புதுவகை ஜாரைவிட மேல். மற்றது உயரம்: அந்தக் குறுகலான ஜார் வைத்த 5200 என்ற மாதிரி இருபது அங்குலத்துக்கு மேல் உயரமுள்ளது, இங்குள்ள சமையலறைகளில் மேடைக்கும் மேலலமாரிக்கும் இடைவெளி பெரும்பாலும் பதினெட்டு அங்குலம்தான். நடுத்தண்டில் அடுக்கடுக்காகக் கத்தி வைத்த மலிவு வகைகளை மாவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒட்டிய உளுந்து மாவை அந்த அடுக்குகளிலிருந்து வழிப்பதற்குள் விரலில் இரண்டு வெட்டாவது விழும்.

டேபிள் டாப் வெட் கிரைண்டரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வாரம் இருமுறை மாவாட்டும் பெரிய குடும்பம் என்றால் அதற்கு மாற்றே இல்லை. இருவருக்கு முதல் ஆண்டில் அவசியமில்லை. வாங்கும்போது 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இரண்டும் தகட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். மிக்ஸியின் மோட்டாருக்கு ஹெர்ட்ஸ் பொருட்டில்லை, வோல்ட் மட்டுமே பொருட்டு; கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார், அது ஹெர்ட்ஸுக்கு ஏற்பவே சுற்றும். கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்ததை டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஓட்டினாலும், வோல்ட் சரியாகுமே தவிர 60 ஹெர்ட்ஸ் 50 ஆகாது. கல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுற்றி, மோட்டார் தேவையில்லாமல் சூடாகும்.

பயன்படுத்தும்போது மைக்ரோவேவையும் பிளெண்டரையும் ஒரே சுவர் பிளக் பாயிண்டில் மாட்டி ஒன்றாக ஓட்டாதீர்கள். மேலே சொன்ன 1800 வாட் கணக்கில் இரண்டும் சேர்ந்தால் பிரேக்கர் விழும். அடுக்குமாடியிலோ பேஸ்மென்டிலோ இருப்பவர்கள் இயந்திரத்தின் அடியில் மடித்த துவாலை ஒன்றை விரித்தால் அதிர்வு கீழ்வீட்டுக்கும் மேல்வீட்டுக்கும் போவது குறையும், ஆனால் காற்றுத் துளைகளை அது அடைத்துவிடக் கூடாது. சிஎஸ்ஏ, யூஎல், ஈடிஎல் ஆகிய மின்பாதுகாப்புச் சான்று முத்திரைகளில் ஏதாவது ஒன்று இருப்பதையே வாங்குங்கள்; யூஎல், ஈடிஎல் என்றால் பக்கத்தில் கனடாவைக் குறிக்கும் சிறிய 'C' எழுத்தும் இருக்க வேண்டும். ஒன்டாரியோவில் மின்கருவிகளுக்கு அத்தகைய அங்கீகாரம் இருக்க வேண்டும் என்பது விதி.

அடுத்து ஊரிலிருந்து யாராவது வரும்போது மிக்ஸியைக் கேட்காமல், உங்கள் மிக்ஸியின் மாதிரிப் பெயரை எழுதிக் கொடுத்து, அதற்குப் பொருந்தும் கப்ளர் இரண்டு, மூடி வாஷர் நாலு, முடிந்தால் சட்னி ஜார் ஒன்று கேளுங்கள். முதலில் தேய்வது அவைதான், இங்கே எளிதில் கிடைக்காதவையும் அவைதான். ஒரு சோப்பு டப்பாவுக்குள் கப்ளரும் வாஷரும் அடங்கிவிடும்.