சிறிய மின்னூலகத்துக்கு எந்தத் தரவுத்தளம்?

சுவடித்தேடல்:
பழைய இதழ்களையும் சிறுநூல்களையும் ஸ்கேன் செய்து ஒரு மின்னூலகம் அமைக்கிறோம். சுமார் 4,000 பிடிஎஃப் கோப்புகள். விவரங்கள் எக்செல் தாளில் உள்ளன. பதிவு செய்பவர்கள் இருவர். நிரல் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். டிஸ்பேஸ் வைக்கலாம் என்று ஒரு நண்பரும், மைஎஸ்க்யூஎல் போதும் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். எதை எடுப்பது?

ஏட்டுக்கட்டு:
இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. மைஎஸ்க்யூஎல் வெறும் தரவுத்தளம். டிஸ்பேஸ் முழு நூலகச் செயலி. அதற்கே அடியில் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற தரவுத்தளம் வேண்டும். ஜாவா மொழி, சோலர் தேடுபொறி போதாதென்று 7-ஆம் பதிப்பிலிருந்து முகப்புக்கு ஆங்குலர் என்ற நிரல்சட்டகமும் சேர்ந்துவிட்டது. தனியொருவர் பராமரிக்க அது பெரும் பாரம்.

நான் எஸ்க்யூலைட்டையே சொல்வேன். முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு. 4,000 பதிவுகள் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. பிடிஎஃப்களை உள்ளே திணிக்காதீர்கள். கோப்புறையில் இருக்கட்டும், பதிவெண்ணே கோப்புப் பெயராகட்டும்.

எனக்கு உண்மையான கவலை உங்கள் எக்செல் தாள்தான். ‘பொருள்’ என்பதில் வரும் ‘ொ’ ஒரே குறியாகவும் பதிவாகியிருக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் பதிவாகியிருக்கலாம். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது, ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. ஏற்றும் முன் எல்லாவற்றையும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் சீர்வடிவம்) மாற்றுங்கள். வாசகர் தேடும் சொல்லையும் அப்படியே மாற்றுங்கள். இன்னொன்று: எஸ்க்யூலைட்டின் எஃப்டிஎஸ்5 என்ற முழுவுரைத் தேடல், நாம் சொல்லாதவரை, எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லின் பகுதியாகக் கொள்ளும். காலோ புள்ளியோ வந்த இடத்தில் தமிழ்ச்சொல்லை வெட்டிவிடும். அட்டவணையை உருவாக்கும்போதே டோக்கனைசரின் (உரையைச் சொற்களாகப் பிரிக்கும் பகுதி) வகைப்பட்டியலில், இந்தத் துணைக்குறிகளுக்கான யூனிகோடு வகைகளான எம்என் (Mn), எம்சி (Mc) இரண்டையும் சேர்த்துவிடுங்கள். இதைச் செய்யாமல் எந்த வாசகருக்கும் திறந்துவிடாதீர்கள், தயவுசெய்து.

தாளடுக்கு:
என்எஃப்சி பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் எஸ்க்யூலைட் என்றால் முகப்பு, பதிவுப் படிவம், தேடல் பக்கம் எல்லாவற்றையும் இவரே எழுத வேண்டும். நாளை இவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் அந்த நிரலை யார் தொடுவார்கள்? ஒமேகா என்ற மின்னூலகச் செயலியைப் பாருங்கள். பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும் இருந்தால் ஓடும். நூல்விவரங்களைப் பதிவதற்கான பொதுத்தரமான டப்ளின் கோரின் 15 கூறுகளும் தயாராக இருக்கின்றன. எக்செல் தாளை சிஎஸ்வியாக்கி (காற்புள்ளியால் பிரித்த உரைக்கோப்பு) ஏற்றலாம்; பிற நூலகங்கள் உங்கள் பதிவுகளைத் திரட்டிக்கொள்ள ஓஏஐ-பிஎம்எச் என்ற நெறிமுறைக்கான செருகுநிரலும் உண்டு.

சுவடித்தேடல்:
இருவருக்கும் நன்றி. தாளை என்எஃப்சிக்கு மாற்றிவிட்டு ஒமேகாவில் ஏற்றிப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம்: சில இதழ்களில் ‘பிரபவ, தை’ என்று மட்டுமே அச்சாகியிருக்கிறது. தேதியை எப்படி இடுவது?

ஏட்டுக்கட்டு:
இரண்டு புலங்கள் வையுங்கள். ஒன்றில் அச்சில் உள்ளபடியே; மற்றதில் வரிசைப்படுத்துவதற்கான ஆண்டு. பிரபவ 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும். சித்திரையில் தொடங்குவதால் அதன் தை மாதம் 1928 ஆகவும் இருக்கலாம், 1988 ஆகவும் இருக்கலாம். விளம்பரங்களையும் விலையையும் பார்த்தால் எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் இரண்டாம் புலத்தைக் காலியாக விடுங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம்.