கணையத்தில் சீழ், டியூப் மட்டும் போதுமா?

மாமாவுக்குக் கணையத் திசு அழுகிச் சீழ் பிடித்திருக்கிறது. டாக்டர் வயிற்றைத் திறக்காமல் விலாவுக்குக் கீழே ஒரு டியூப் போட்டுவிட்டுப் பார்க்கலாம் என்கிறார். அழுகியதை உள்ளேயே விடுவது சரியா?

—

சரிதான். நெதர்லாந்து அறுவை மருத்துவர்கள் பெசெலிங்க் குழுவினர் 88 பேரிடம் நடத்திய பான்டர் ஆய்வு 2010இல் வெளிவந்தது. நேராகத் திறந்தவர்களில் 69 சதவீதம் பேருக்குப் பெரிய சிக்கலோ மரணமோ. முதலில் டியூப், தேவைப்பட்டால்தான் அடுத்த கட்டம் என்று போனவர்களில் 40. அவர்களில் மூன்றில் ஒருவருக்கு டியூபோடு வேலை முடிந்துவிட்டது.

—

ஆனால் இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை, அதையும் சொல்லுங்கள். டியூப் வழியில் குறைந்தவை, பிற்பாடு வரும் சர்க்கரை நோயும், தையல் போட்ட இடத்தில் குடல் பிதுங்குவதும்தான்.

—

அப்பாவுக்கும் இப்படித்தான். தினமும் சலைன் விட்டு டியூபைக் கழுவுவார்கள், பையில் காப்பி டிகாஷன் மாதிரி வந்ததைப் பார்த்து நான்தான் மிரண்டேன்.