வெளிநாட்டு வாழ்க்கை: வசதி இருந்தது, ஆனால்... உங்கள் அனுபவம் என்ன?

ஜுபைல் அம்மா
2014, சவூதியின் ஜுபைல். ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் ஷட்டவுன் காலம் எப்படி இருக்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். வீட்டுக்காரர் கம்பெனி பஸ்ஸில் இரவுப் பணிக்குப் போய்விட்டார். ஆலைக்குள் கைபேசிக்கு அனுமதி கிடையாது. நள்ளிரவு தாண்டி மகனுக்கு இழுப்பு வந்துவிட்டது, நெபுலைசர் வைத்தும் அடங்கவில்லை. கார் கீழே நிற்கிறது, சாவி கையில் இருக்கிறது, கல்லூரிக் காலத்திலிருந்தே கோயம்புத்தூரில் கார் ஓட்டியவள் நான். ஆனால் சவூதியில் அப்போது பெண்கள் ஓட்டத் தடை. டாக்சிக்காரர் போனை எடுக்கவில்லை. எதிர்வீட்டு எகிப்தியக் குடும்பத்தின் கதவைத் தட்டினேன். அந்த வீட்டு ஆணும் ஊரில் இல்லை. அந்த அம்மா தூங்கிக்கொண்டிருந்த மகனை எழுப்பி அனுப்பினார். பதினான்கு வயது இருக்கும், மீசைகூட அரும்பவில்லை. அவனுக்கும் உரிமம் கிடையாது; ஆனால் பையன் ஓட்டினால் அங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நான் பின்னிருக்கையில் குழந்தையை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, "பிரேக்கை மெதுவாக மிதி, ரவுண்டானாவில் இடப்பக்கம் பார்" என்று சொல்லிக்கொண்டே போனேன். மருத்துவமனை வாசலில் வண்டியை நிறுத்தியதும் சாவியை இரண்டு கையாலும் என்னிடம் மரியாதையாக நீட்டினான். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. மகன் தேறிவிட்டான். வீடு, மின்சாரம், பள்ளிக் கட்டணம் எல்லாமே கம்பெனி கொடுத்தது.

ஜோபர்க் தமிழன்
சகோதரி, உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் ஜோஹன்னஸ்பர்க்கில் பெண்கள் கார் ஓட்ட எந்தத் தடையும் இல்லை. அதனால் என்ன கண்டோம்? எங்கள் வீட்டில் நீச்சல் குளம் உண்டு. மதிலுக்கு மேல் மின்வேலி, கட்டிலுக்கு அருகே அவசரப் பொத்தான், அழுத்தினால் துப்பாக்கியோடு காவலர்கள் வருவார்கள். 2023இல் லோட் ஷெடிங் என்ற மின்வெட்டால் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். ஓர் இரவு திரும்பி வந்தபோது கேட்டின் பேட்டரியும் தீர்ந்து கிடந்தது. கார் கடத்தல்காரர்கள் காத்திருப்பதே வீட்டு வாசலில்தான். நான் இறங்கி கையால் கேட்டைத் திறக்க வேண்டும். மனைவியை ஓட்டுநர் இருக்கைக்கு மாறச் சொன்னேன். "யாராவது வந்தால் பிள்ளைகளோடு கிளம்பிவிடு, எனக்காக நிற்காதே" என்றேன். "உங்களை விட்டுவிட்டா?" என்று கேட்டாள். "ஆமாம்" என்றேன். யாரும் வரவில்லை. அதன்பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

புதியவன்77
ஜுபைல் அம்மா சொல்வது பழைய கதை. இப்போது சவூதியில் பெண்கள் தாராளமாக ஓட்டுகிறார்கள். போகிறவர்களை ஏன் பயமுறுத்த வேண்டும்?

ஜுபைல் அம்மா
2018 ஜூன் 24 முதல் ஓட்டுகிறார்கள், நன்றாகத் தெரியும். என் மகனுக்கு இழுப்பு வந்தது 2014இல். நான்கு ஆண்டு காத்திருக்கச் சொல்லியிருக்க வேண்டுமோ?

தோஹா மேஸ்திரி
கார், நீச்சல் குளம் எல்லாம் குடும்ப விசாக்காரர்களின் கவலை. நாங்கள் கேம்ப்பில் இருந்தவர்கள். தங்கையின் கல்யாணத்துக்குக் கிளம்பி விமான நிலையம் வரை போய்விட்டேன். நாட்டை விட்டு வெளியேறத் தேவையான எக்ஸிட் பெர்மிட்டைக் கம்பெனி பதிவு செய்யவே இல்லை என்று கவுன்டரில் சொன்னார்கள். இரவு நேரம், மேலாளர் போனை எடுக்கவில்லை. சங்கிலி பையில் இருந்தது, தாலி கட்டும் நேரத்தில் நான் கேம்ப் கட்டிலில் இருந்தேன். 2018 அக்டோபரில் பெரும்பாலான தொழிலாளர்களுக்கு அந்தப் பெர்மிட்டை எடுத்துவிட்டார்கள். தங்கைக்கு அதற்குள் இரண்டு குழந்தைகள்.

கணக்கர் ரியாத்
2017 ஜூலையில் சவூதியில் குடும்பத்தாருக்கு ஆளுக்கு மாதம் 100 ரியால் கட்டணம் வந்தது. ஆண்டுதோறும் ஏறி 2020இல் 400 ஆனது. மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் ஆண்டுக்கு 14,400 ரியால். குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டேன். என் கதை அவ்வளவுதான்.

இனிப் போகிறவர்கள் கவனியுங்கள். வருமான வரி இல்லை என்று மட்டும் பார்க்காதீர்கள். 2020 ஜூலையிலிருந்து அங்கே பொருட்களின் மீதான வாட் வரி 15 சதவீதம். முகவர் பதிவு பெற்றவரா என்று இந்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பாருங்கள். ஒப்பந்தத்தின் அரபுப் பிரதியை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், தகராறு வந்தால் அதுதான் நிற்கும். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்றால் நகலாவது கையில் இருக்கட்டும். இசிஆர் பாஸ்போர்ட்டில் (அரசின் குடியேற்ற அனுமதி தேவைப்படுவது) போகிறவர்கள் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டை விடாதீர்கள். விபத்தில் இறந்தால் 10 லட்சம் ரூபாய். தோஹா நண்பரே, பெர்மிட் பதிவாகிவிட்டதா என்று கிளம்புவதற்கு முன்பே பார்த்திருக்கலாம்.

தோஹா மேஸ்திரி
எதில் பார்ப்பது ஐயா? கேம்ப்பில் கம்ப்யூட்டரா வைத்திருந்தார்கள்?

மஸ்கட் செவிலி
எல்லோரும் அடைபட்ட கதையாகவே சொல்கிறீர்கள். ஊரில் இரவு எட்டு மணிக்கு மேல் நான் பஸ் நிறுத்தத்தில் தனியாக நின்றதில்லை. மத்ரா கடற்கரையில் மாலைப் பணி முடிந்து பதினொரு மணிக்குத் தனியாக நடப்பேன். ஒரு நாள் பின்னால் கார் ஒன்று ஊர்ந்து வந்து நின்றது. உயிரே போய்விட்டது. முதியவர் ஒருவர் இறங்கி, நான் கீழே தவறவிட்ட அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

ஆனால் அதே ஆண்டு சோஹாரில் கூடுதல் சம்பளத்துக்கு வேலை கிடைத்தபோது, இருந்த மருத்துவமனை என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று, தரவில்லை. அது இல்லாமல் விலகினால் அப்போது இரண்டு ஆண்டு ஓமானுக்குள் நுழைய முடியாது. 2021 ஜனவரியில் அந்த விதி போன பிறகுதான் மாறினேன். அடுத்த மாதம் தங்கையும் சோஹாருக்கு வருகிறாள். இரண்டு பேருக்கு வாடகை வீடு பார்க்கிறேன். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், ஹாஸ்டல் வேண்டாம்.