கர்விப் பார்பிக்கு ஒரு பட்டுப் பாவாடை: உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

மொரிஷியஸ், காத்ர் போர்ன்

ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் சாம்பிள் அறையில் பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான காகித அச்சு, வெட்டுகிறேன். 22 வருடமாகிறது. வேலையில் சேர்ந்தபோது என் இடுப்பு 74 செ.மீ., இப்போது 98. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது சுலபம்.

போன காவடிக்கு ஒரு வாரம் முன்பு, என் ஏழு வயது மகள் தன் இரண்டு பார்பிக்கும் தன்னுடையதைப் போலவே பட்டுப் பாவாடை வேண்டும் என்றாள். ஒரு பொம்மை அக்கா மகள் விளையாடி முடித்துக் கொடுத்த பழையது. மற்றது 2016-இல் மேட்டல் நிறுவனம் கொண்டுவந்த மூன்று புது உடல்வாகுகளில் 'கர்வி' என்பது, அதாவது இடுப்பும் தொடையும் பருத்தது. மற்ற இரண்டு உயரமும் குட்டையும். ரவிக்கைத் துணியில் மிச்சம் இருந்தது. ஒரே காகிதத்தை வைத்து இரண்டையும் வெட்டித் தைத்துவிட்டேன். பழைய பொம்மைக்குக் கச்சிதம். கர்விக்குக் கொக்கி எட்டவில்லை, முதுகுப்பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு விரிந்து நின்றது.

மகள் பார்த்துவிட்டு, இங்கத்துக் கிரியோல் மொழியில், "லி த்ரோ குரோ, மம்மா" என்றாள். அவள் ரொம்பக் குண்டாம். பொம்மையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியும் விட்டாள்.

"அவ குண்டெல்லாம் இல்ல, நான்தான் தப்பா வெட்டிட்டேன்" என்றேன். வாயில் வந்துவிட்டது. அப்புறம் ராத்திரி தூக்கம் வரவில்லை. இத்தனை வருடத்தில் தொழிற்சாலையில் ஒரு நாளாவது இப்படிச் சொல்லியிருக்கிறேனா?

எங்கள் வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சு அளவு 38-இல் ஒரு சட்டை வெட்டுவோம். அதை டம்மி என்கிற உடல் பொம்மையிலும், அதே அளவுள்ள ஒரு பெண்ணுக்கும் போட்டுப் பார்த்துத் திருத்துவோம். மற்ற அளவுகள் எல்லாம் அந்த ஒன்றிலிருந்து கணக்குப் போட்டுக் கூட்டியோ குறைத்தோ எடுத்தவை. இதற்குப் பெயர் கிரேடிங். 42, 44 வரை பெரிய தொல்லை இல்லை. 50-க்குப் போகும்போதுதான் கூத்து. உடம்பு பெருத்தால் தோள் எலும்பு அகலமாகிவிடாது. மார்பு, வயிறு, புஜம்தான் பெருக்கும். நாங்களோ எல்லாப் பக்கமும் ஏற்றிக்கொண்டே போவோம். கழுத்து வாய் பிளக்கும், தோள் சரியும், கை மட்டும் பிடிக்கும். ஐரோப்பிய அளவுப் பட்டியலிலேயே மார்பளவு 104 செ.மீ. வரை நாலு நாலாக ஏறி, அதற்கு மேல் ஆறு ஆறாகத் தாவுகிறது. ஒழுங்காகச் செய்ய வேண்டுமென்றால் 48-இல் இன்னொரு அடிப்படைப் பேட்டர்ன் போட வேண்டும். அதற்கு வேறு டம்மி, வேறு பெண், கூடுதலாக ஒரு வாரம். வாங்குகிற கம்பெனி அதற்குக் காசு தராது.

அந்தச் சட்டை ஏதோ ஒரு ஊர்க் கடைக்குப் போகிறது. போட்டுப் பார்க்கிற பெண் கண்ணாடி முன்னால் நின்று தன் கையைத்தான் திட்டிக்கொள்வாள். என் கத்தரிக்கோலை யார் திட்டப் போகிறார்கள்?

சரி, உங்கள் கதைகளைச் சொல்லுங்கள். பொம்மையோ, துணிக்கடையோ, எதுவானாலும்.

மொரிஷியஸ், ரோஸ் ஹில்

என்னுடையது சின்னக் கதை. கோயிலில் ஏழு கறிச் சாப்பாடு. பரிமாறி வந்த தந்தின் (ஊரில் அத்தை, சித்தி வயதுப் பெண்களை இப்படித்தான் கூப்பிடுவோம்) எல்லார் இலையிலும் அப்பளம் வைத்தார். என் இலைக்கு வந்ததும் கையை இழுத்துக்கொண்டு, "உனக்கு நல்லதுக்குத்தான்" என்றார். எனக்கு வயது 31, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பார்பி என்றதும் ஞாபகம் வந்தது. 1965-இல் வந்த ஒரு பார்பிப் பெட்டியில் குட்டி எடைக் கருவி இருந்தது, முள் 110 பவுண்டில் நிற்கும். கூடவே எடை குறைப்பது எப்படி என்று ஒரு குட்டிப் புத்தகம். பின் அட்டையில் ஒரே ஒரு அறிவுரை: சாப்பிடாதே. தந்தினிடமும் ஒரு பிரதி இருக்கும்போல.

தென்னாப்பிரிக்கா, டர்பன்

என் தமிழ் சனிக்கிழமை வகுப்புத் தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி முடித்த வருடம் பெரிய அளவு ஆடைகளின் கேட்டலாக் ஒன்றுக்கு மாடலாகப் போனேன். அவர்கள் விற்றது எங்கள் ஊர் ஆடை அளவில் 18 முதல் 26 வரை. என் அளவு 16. "பரவாயில்லை, உன் முகம் நன்றாக இருக்கிறது" என்றார்கள். என்ன அர்த்தம் என்று உடை மாற்றும் அறையில் புரிந்தது. இடுப்புக்கு, பின்பக்கத்துக்கு, தொடைக்கு என்று தனித்தனியாகப் பஞ்சுத் திண்டுகள் வைத்திருந்தார்கள். கட்டிவிட்டு, மிச்சத் துணியை முதுகில் கிளிப் போட்டு இழுத்தார்கள். உடம்பு குண்டாக வேண்டும். தாடையும் கழுத்தும் ஒல்லியாக இருக்க வேண்டும். அப்படி ஒருத்தி கிடைக்காததால் செய்துகொண்டார்கள். இது அந்த ஒரு கம்பெனியின் தந்திரம் என்று நினைத்திருந்தேன். பல நாடுகளில் பெரிய அளவு மாடல்களுக்கு இது வழக்கமாம்.

சாட்ஸ்வொர்த்தில் இருக்கிற என் அத்தை கேட்டலாக்கைப் பார்த்துவிட்டு போன் செய்தார். "ஏம்மா, எப்ப இப்படி ஊதினே?" விஷயத்தைச் சொன்னேன், ஒரே சிரிப்பு. ஆனால் அவர் அதற்குள் அதே கவுனுக்குப் பணம் கட்டியிருந்தார், மருமகள் போட்டது என்ற பெருமையில். வந்து சேர்ந்தபோது கழுத்து சரிந்தது, கை நுழையவில்லை. மேலே அக்கா எழுதியது அப்படியே அதுதான்! நாலு வருடம் கழித்து இன்றுதான் காரணம் தெரிகிறது. அத்தை அதைத் திருப்பி அனுப்பவில்லை. "நான் இளைச்சதும் போட்டுக்கறேன்" என்று அலமாரியில் வைத்திருக்கிறார்.

அமெரிக்க மாடல் ஆஷ்லி கிரஹாமைப் போல 2016-இல் ஒரு பார்பி செய்தார்களே, அதில் தொடைகள் ஒட்டியிருக்க வேண்டும் என்று அவரே கேட்டுச் செய்வித்தாராம். என்னுடையவை பஞ்சு இல்லாமலே ஒட்டும்.

ரியூனியன், சேன் தெனி

நான் புதுச்சேரிப் பெண், கல்யாணமாகி இங்கே வந்தேன். இந்தத் தீவு பிரான்சைச் சேர்ந்தது, அதனால் இங்கே பிரான்ஸ் சட்டம்தான். 2017 அக்டோபர் 1 முதல், விளம்பரப் படத்தில் மாடலின் உடம்பை ஒல்லியாகவோ குண்டாகவோ மாற்றியிருந்தால் 'திருத்திய படம்' என்று போட வேண்டும். மாடல்களுக்கு மருத்துவச் சான்றும் கட்டாயம். பேருந்து நிறுத்தத்தில் ஒருமுறை அந்த வரியைக் கண்டுபிடித்தேன். போஸ்டரின் ஓரத்தில், செங்குத்தாக, எறும்பு ஊர்வதுபோல எழுதியிருந்தது. அதைப் படிக்கக் கழுத்தைச் சாய்த்ததில் பேருந்து போய்விட்டது.

நான் சொல்ல வந்தது அதுவல்ல, கொலுவைப் பற்றி. அம்மா கொடுத்தனுப்பிய செட்டியார் பொம்மைகள் என்னிடம் உண்டு. தொந்தியோடு அவர், பக்கத்தில் அவருக்குச் சளைக்காமல் ஆச்சி, முன்னால் அரிசியும் பருப்பும் வெல்லமும். வருடா வருடம் படியில் வைக்கிறோம். ஆச்சியைக் குண்டு என்று ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்லை. நிறைவு என்றுதான் சொல்வார்கள். அதே கொலுவுக்கு வந்த ஒரு மாமி, சுண்டலை வாயில் போட்டுக்கொண்டே என் பெண்ணைப் பார்த்து, "இந்த உடம்போட எப்படி மாப்பிள்ளை தேடுவே?" என்றாள். பெண்ணுக்குப் பதினாறு வயது. அவள் படியைக் காட்டி, "ஆச்சிக்குக் கிடைச்சாரே" என்றாள்.

மாமி இன்னொரு கிண்ணம் சுண்டல் கேட்டாள்.

மொரிஷியஸ், காத்ர் போர்ன்

எழுதிய எல்லாருக்கும் நன்றி. டர்பன் தங்கை, அத்தையின் கவுனைத் தூக்கிப் போட வேண்டாம். தோள் தையலைப் பிரித்து உள்ளே வாங்கி, அக்குளில் சதுரத் துண்டு ஒன்று சேர்த்தால் கை நுழையும். படம் வரைந்து அனுப்புகிறேன்.

கர்விக்கு வேறு காகிதம் வெட்டியாயிற்று. முன்பக்கத்தை மேலே வளைவாக உயர்த்தினேன், இல்லாவிட்டால் வயிறு பாவாடையைத் தூக்கிக் கணுக்கால் தெரியும். என் பாவாடைக்கும் நான் அப்படித்தான் வெட்டுவேன். கட்டிலுக்கு அடியிலிருந்து பொம்மையை மகளே எடுத்து வந்தாள். வேறு யாராவது தைப்பதாக இருந்தால், கொக்கி வேண்டாம், நாடா வையுங்கள். சின்ன விரலுக்கு அதுதான் சுலபம்.