வெள்ளைக் கரடியை அவள் எப்படி அழைப்பாள்?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். ஆஸ்பியோர்ன்சென், மோ இருவரும் 19ஆம் நூற்றாண்டில் தொகுத்த நார்வே நாட்டார் கதைகளில் 'சூரியனுக்குக் கிழக்கே, சந்திரனுக்கு மேற்கே' என்று ஒன்று உண்டு. அதைத் தமிழில் காதல் கதையாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நாயகன் பகலில் வெள்ளைக் கரடி, இரவில் மனிதன். அவன் முகம் பார்க்க, அவனோடு வாழும் பெண் ஓர் இரவு மெழுகுவத்தி ஏற்றுகிறாள். குனிந்து முத்தமிடும்போது உருகிய கொழுப்பு மூன்று சொட்டு அவன் சட்டையில் விழ, விழித்துக்கொள்கிறான். சாபத்தால் பிரிந்து போக வேண்டியதாகிறது. அப்புறம் வடகாற்றின் முதுகில் ஏறிப்போய் மீட்பது அவள்தான்! அவனை மணக்க இருந்த பூதப்பெண் தேய்க்கத் தேய்க்கக் கருத்த அந்தக் கறைச் சட்டை, இவள் தண்ணீரில் முக்கியதும் பளிச்சென்று வெளுக்கிறது. இந்த இடத்தை எழுதும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சிக்கல் பேச்சில். கரடியை அவள் 'நீங்கள்' என்றால் பயந்தவள்போல் தெரிகிறது. முதல் நாளே 'நீ' என்றால் காதல் வளர இடமில்லை. 'நீங்கள்' எந்த இடத்தில் 'நீ' ஆகலாம்? மெழுகுவத்தி இரவிலா, சட்டை வெளுத்த பிறகா? கதை எழுதுகிறவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். இரண்டு அத்தியாயம் இதனாலேயே நிற்கிறது.