ஃபண்டஸ் கேமரா படங்களில் ஒரே இடத்தில் வெள்ளைத் திட்டு: முன் லென்ஸைத் துடைக்கலாமா?

பார்வைமையம்_டெக்னீஷியன்:
எங்கள் மையத்தில் இருப்பது சொட்டு மருந்து விடாமல் விழித்திரையைப் படமெடுக்கும் 45 டிகிரி ஃபண்டஸ் கேமரா. சில நாட்களாகச் சர்க்கரை நோயாளிகளின் படங்களில், வலது மேல் மூலையை ஒட்டி மங்கலான வெள்ளைத் திட்டு ஒன்று விழுகிறது. வலது கண்ணானாலும் இடது கண்ணானாலும் இடம் மாறுவதில்லை. சில படங்களில் ஓரமாகப் பிறை வடிவில் நீலச்சாம்பல் மூட்டமும் இருக்கிறது. சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் பஞ்சும் கைவசம் உள்ளன. துடைத்துவிடலாமா?

கருவி_பராமரிப்பு:
பஞ்சையும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டையும் லென்ஸ் பக்கமே கொண்டுபோக வேண்டாம். சில ஸ்பிரிட்டுகளில் விளக்கெண்ணெய் போன்றவை கலந்திருக்கும். காய்ந்ததும் படலம் நின்றுவிடும். சானிட்டைசரிலும் கிளிசரின் உண்டு, அதே கதைதான்.

சாதாரண கேமராவில் முன் லென்ஸில் தூசி இருந்தால் படத்தில் பெரும்பாலும் தெரியாது. ஃபண்டஸ் கேமராவில் அப்படியில்லை. கண்ணுக்குள் போகும் ஃபிளாஷ் ஒளியும், விழித்திரையிலிருந்து திரும்பும் ஒளியும் ஒரே முன் லென்ஸ் வழியாகத்தான் போய்வருகின்றன. அதன்மேல் விரல் ரேகை பட்டாலும் ஃபிளாஷ் ஒளி அங்கேயே சிதறி நேராக சென்சாருக்குத் திரும்பிவிடும். அதுதான் மங்கலான வெள்ளைத் திட்டு.

துடைப்பதற்கு முன் அழுக்கு லென்ஸில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அறை விளக்கை அணைத்து, லென்ஸுக்கு முன்னால் சற்றுத் தள்ளிக் கருப்புத் துணியைப் பிடித்து, மேனுவல் மோடில் ஒரு படம் எடுங்கள். கணினியில் பிரைட்னஸை ஏற்றிப் பார்த்தால் அழுக்கு இருக்கும் இடம் வெள்ளையாகப் பளிச்சிடும். பென் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தாலும் கறை தெரியும்.

இருப்பது உறுதியானால் முதலில் ரப்பர் ப்ளோவரால் ஐந்தாறு தடவை ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். கேனில் வரும் காற்று சில நேரம் திரவமாகவே பீய்ச்சும். ஊதாமல் துடைத்தால் மணல்துகள் டிஷ்யூவோடு சேர்ந்து கோட்டிங்கைக் கீறிவிடும், அதைச் சரிசெய்ய வழியே கிடையாது. ஊதியே போய்விட்டால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

போகவில்லையென்றால் லென்ஸ் டிஷ்யூவை மடித்து, நுனியில் இரண்டு மூன்று சொட்டு அப்சல்யூட் எத்தனால் (தண்ணீர் கலக்காத ஆல்கஹால்) விடுங்கள். லென்ஸின் மேல் நேராக ஊற்றாதீர்கள், விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும். நடுவில் தொடங்கி, அழுத்தாமல், சுருள் சுருளாக வெளிவிளிம்பு வரை ஒரே ஓட்டமாகக் கொண்டுவந்து அந்த டிஷ்யூவை எறிந்துவிடுங்கள். அதே டிஷ்யூவால் மறுபடி நடுவுக்குப் போனால் விளிம்பு அழுக்கு நடுவுக்கு வந்துவிடும். டிஷ்யூ நகர நகரப் பின்னாலேயே ஈரம் உலர வேண்டும். வளைய வளையமாகக் கோடு நின்றால் திரவம் அதிகம் என்று அர்த்தம். ஆல்கஹால் வேலை என்பதால் கருவியை அணைத்து, ஆறவிட்டுச் செய்யுங்கள்.

ஆப்டோம்_தென்மாவட்டம்:
மேலே சொன்னதோடு ஒன்று. கறை கண்ணீராகவோ எச்சிலாகவோ இருந்தால் முதலில் டிஸ்டில்டு வாட்டரில் லேசாக நனைத்த டிஷ்யூ, அதன்பிறகு ஆல்கஹால். கண்ணீரின் உப்பும் புரதமும் ஆல்கஹாலில் கரையாது, இழுபட்டுப் படலமாகத்தான் பரவும். விரல் ரேகை, மூக்கு எண்ணெய்க்கு ஆல்கஹாலே போதும்.

அந்தப் பிறை மூட்டத்துக்கும் லென்ஸுக்கும் சம்பந்தமில்லை. கண்ணுக்கும் கேமராவுக்கும் உள்ள தூரம் சரியில்லாமலோ, கண்மணி சிறுத்தோ இருந்தால் ஒளி கருவிழியில் பட்டுத் திரும்பும், அது ஓரத்தில் பிறையாக விழும். இதற்காக லென்ஸைத் தேய்த்துப் பயனில்லை. அறையை இருட்டாக்கி, ஒரு கண்ணை எடுத்ததும் கண்மணி மறுபடி விரியச் சில நிமிடம் விட்டு அடுத்த கண்ணை எடுங்கள். நோயாளி முகக்கவசம் போட்டிருந்தால் மூச்சு மேலே வந்து லென்ஸில் ஆவி படியும். மேல் விளிம்பில் டேப் ஒட்டச் சொல்லுங்கள்.

வெள்ளைத் திட்டைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். படத்தை மட்டும் பார்த்துச் சொல்பவருக்கு அது எக்ஸுடேட் (ரத்தக்குழாயிலிருந்து கசிந்த கொழுப்புப் படிவு) மாதிரி தெரியும். கணினி நிரலே படத்தைப் பார்த்து முடிவு சொல்லும் காலம் இது; 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அப்படி ஒரு கருவிக்கு அனுமதி கொடுத்தது. நோயாளியை வீணாக அலையவிடுவது ஒரு பக்கம், திட்டுக்கு அடியில் உண்மையான ரத்தக்கசிவு மறைந்துபோவது அதைவிட மோசம்.

பார்வைமையம்_டெக்னீஷியன்:
நன்றி சார். கருப்புத் துணிப் படத்தில் திட்டு தெரிந்தது. டிஸ்டில்டு வாட்டரில் துடைத்ததும் பெரும்பகுதி போய்விட்டது. அப்சல்யூட் எத்தனால் இங்கே கிடைக்கவில்லை. இன்னொன்று, எல்லாப் படத்திலும் இரண்டு கூர்மையான கரும்புள்ளிகள் இருக்கின்றன. அது என்ன?

கருவி_பராமரிப்பு:
லேப் கெமிக்கல் கடையில் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் கேளுங்கள். 70 சதவீதம் சின் ரெஸ்ட் (தாடை வைக்கும் இடம்), நெற்றிப் பட்டை துடைக்கச் சரி. லென்ஸில் அதிலுள்ள தண்ணீர் தடம் விடும். உங்கள் மாடலின் மேனுவல் எந்தத் திரவத்தைச் சொல்கிறது என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் முடிவு.

கூர்மையான கரும்புள்ளி என்றால் தூசி சென்சார் பக்கம் இருக்கிறது. முன் லென்ஸ் தூசி ஃபோகஸில் இல்லாததால் மங்கலாகத்தான் விழும். உள்ளே இருப்பதற்கு நீங்கள் கைவைக்க வேண்டாம். சர்வீஸ் இன்ஜினியருக்குக் கருப்புத் துணிப் படத்தையும் நோயாளியின் பெயர் நீக்கிய இரண்டு படங்களையும் அனுப்புங்கள். அதுவரை, அந்த இடத்தில் கருவிக் குறை இருப்பதைப் படம் பார்ப்பவருக்கு எழுதிவையுங்கள். மைக்ரோஅன்யூரிசம் (விழித்திரை ரத்தக்குழாயில் வரும் சிறு வீக்கம்) என்று எண்ணிவிடக் கூடும்.

கடலோர_கிளினிக்:
கடலோர ஊர் என்றால் பூஞ்சையையும் கவனியுங்கள். டார்ச் வெளிச்சத்தில் சிலந்தி வலை போல மெல்லிய கிளைகள் தெரிந்தால் அதுதான். விட்டுவைத்தால் கோட்டிங்கையே அரித்துவிடும். அறை ஈரப்பதத்தை 40 முதல் 60 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். ஈரப்பதம் காட்டும் சின்ன ஹைக்ரோமீட்டர் ஒன்று சுவரில் இருக்கட்டும். மாலையில் ஏசியை நிறுத்திய கையோடு பிளாஸ்டிக் உறையை இறுக்கி மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும். கருவி ஆறியதும் லென்ஸ் மூடியைப் போட்டுத் துணி உறையால் மூடுங்கள், உள்ளே சிலிக்கா ஜெல் பை ஒன்று. நிறம் மாறினால் காயவைத்தோ மாற்றியோ போடுங்கள்.

தினமும் துடைக்கத் தேவையில்லை. காலையில் முதல் நோயாளிக்கு முன் கருப்புத் துணிப் படம் ஒன்று எடுத்து, லென்ஸ் சுத்தமாக இருந்தபோது எடுத்துவைத்த படத்தோடு ஒப்பிடுங்கள். சில மாடல்களில் உள் பிரதிபலிப்பால் நடுவில் லேசான புள்ளி எப்போதுமே இருக்கும். பழைய படம் இருந்தால்தான் அது அழுக்கில்லை என்று தெரியும்.