மழைமானி மாறிய இடத்தில் முறியும் 36 வருடத் தரவு: எப்படி இணைப்பது?

மன்னார்குடி பக்கம் ஒரு பண்ணை வானிலை நிலையத்தின் தினசரி மழையளவு, 1987 முதல் 2022 வரை, கையில் இருக்கிறது. சம்பா நெல் விளைச்சல் மாதிரிக்கு அதைக் கொடுக்க வேண்டும். 2009 ஜூன் வரை கையால் அளந்த சாதாரண மழைமானி. அப்புறம் 0.2 மி.மீ. மழைக்கு ஒருமுறை உள்ளிருக்கும் சிறு வாளி கவிழ்ந்து எண்ணும் தானியங்கி மழைமானி. அன்றிலிருந்து கனமழை நாட்களின் அளவு மட்டும் குறைந்தே பதிவாகிறது. தூறல் நாட்களில் வித்தியாசம் இல்லை. இரண்டு கருவிகளையும் சேர்த்து ஒரு மாதம்கூட ஓட்டவில்லை, அதுதான் தலைவலி.

முந்தைய 24 மணி நேர மழையைக் காலை 8:30-க்கு அளந்து அன்றைய தேதியில் எழுதுவதால் வரும் ஒருநாள் நகர்வைச் சரிசெய்துவிட்டேன். அளவு பதிவாகாதபோது வெற்றிடத்துக்குப் பதில் பூஜ்ஜியம் போட்ட நாட்களையும் நீக்கினேன் (கஜா புயல் அடித்த 2018 நவம்பர் 16-க்கும் பூஜ்ஜியம்தான் போட்டிருந்தார்கள்!). இங்கும் பக்கத்து ஊரிலும் பெய்த மழையைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே போய், ஒன்றுக்கு எதிராக மற்றதை வரைபடமாகப் போட்டால் 2009-இல் கோடு முறிவது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அந்த ஊர்ப் பதிவில் 2011 முதல் 2014 வரை பாதி இல்லை. இந்திய வானிலைத் துறையின் 0.25 பாகைக் கட்டத் தரவையும் (நிலப்பரப்பைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு மழையளவு தருவது) ஒப்பிட்டேன். ஒரு கட்டம் சுமார் 27 கி.மீ., அதனால் உச்ச மழை அதில் மழுங்கிவிடுகிறது. நாசாவின் இணைய வானிலைத் தரவான நாசா பவரிலும் (NASA POWER) இதே கதை. மொத்தத்தையும் ஒரே விகிதத்தால் பெருக்கிப் பார்த்தேன்; தூறல் நாட்கள் கெட்டுப்போயின.

இணை அளவீடே இல்லாத நிலையில், கனமழை நாட்களை மட்டும் திருத்தி இந்த இரண்டு காலத்தையும் ஒரே தொடராக்க நீங்கள் பயன்படுத்திப் பார்த்த முறை எது?